மல்லிகைக்குச் செய்வதை வேம்புக்குச் செய்யலாமா?

நவம்பர் கடைசியில் மதுரைப் பக்கம், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களைப் பார்த்தால், யாரோ பகையில் வெட்டிப் போட்டதோ என்று தோன்றும். இடுப்பளவு அடர்ந்து நின்ற செடிகள் முழங்கால் உயரக் குச்சிகளாக நிற்கும். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மீதியை வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தோட்டத்தில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை, முழங்கால்தான் அளவு. காய்ந்த குச்சி, நோய்பட்ட கிளை, ஒட்டியிருக்கும் இலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எருவைப் போட்டுத் தண்ணீர் கட்டுவார்கள். மார்ச் வாக்கில் அதே குச்சிகளிலிருந்து கிளம்பிய புதுத் தளிர்களில் மொட்டுப் பிடிக்கும். இப்படி வெட்டிவிடுவதுதான் கவாத்து. கவாத்துச் செய்யாமல் விட்ட செடியும் பூக்கத்தான் செய்யும். ஆனால் பூ குறையும், பறிக்கச் செடிக்குள் கைவிடவும் முடியாது.

ஏறக்குறைய அதே பருவத்தில், மழைக்கும் புயலுக்கும் முந்திக்கொண்டு ஊருக்குள் மரம் வெட்டுவார்கள். மின்கம்பிக்கு இடைஞ்சல், மொட்டைமாடியில் இலைக்குப்பை, காற்றடித்தால் சாயும் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். வெட்டி முடித்த பிறகு வேம்போ புங்கனோ, விரல்களை வெட்டிய கைபோல நாலைந்து தடித்த கட்டைகளோடு நிற்கும். கேட்டால், “அது பாட்டுக்குத் துளிர்த்துக்கும்” என்பார்கள். துளிர்க்கவும் செய்யும். சில வாரங்களில் பச்சை கிளம்பி, ஓரிரு வருஷத்தில் பழைய அடர்த்திக்கு வந்துவிடும். மல்லிகையும் அப்படித்தானே வந்தது?

ஏமாந்து போவது இங்கேதான். நம் ஊரில் கவாத்து தெரியாத ஆட்கள் கிடையாது. மல்லிகைக்காரர்களும், நீலகிரித் தேயிலைத் தோட்டத்து ஆட்களும், கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளும் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் வெட்டுவதெல்லாம் புதர், கொடி, அல்லது ஆள் உயரத்துக்கு மேல் விடாமல் அடக்கி வைத்த மரம். புதர்ச்செடி ஒரு கிளையை இழந்தால் அடியிலிருந்து இன்னொன்றை அனுப்பும். பழையது போகப் போகப் புதியது அந்த இடத்தைப் பிடிக்கும். மரத்துக்கு இருப்பது ஒரே தண்டு. அதன் மேல் விழுந்த வெட்டு மரம் இருக்கும் வரைக்கும் அதற்குள்ளேயே இருக்கும். செடியில் பலித்த பாடத்தை அப்படியே மரத்தின் மேல் ஏற்றுவதுதான் நம் தெருக்களில் பார்க்கும் கோலத்துக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி கூலி சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நுனி போனால் பக்கம் விழிக்கும்

துளசியின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைக்கும் என்பது வீட்டில் செடி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். செடியின் நுனிமொட்டு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அது தண்டின் வழியாகக் கீழே இறங்கும்போது, ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் பக்க மொட்டுகளை எழும்ப விடாமல் அமுக்கி வைக்கிறது. நுனியை எடுத்தால் அமுக்குகிற ஆள் இல்லை. பக்க மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. 1933இல் கென்னத் தீமன், ஃபோல்க் ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு வகை அவரைச் செடியில் சோதித்துக் காட்டினார்கள். நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனியே இல்லாவிட்டாலும் பக்க மொட்டுகள் எழும்பவில்லை. இன்றைக்கு இதில் வேறு சில பொருள்களுக்கும், செடிக்குள் ஓடும் சர்க்கரைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

முருங்கையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கையை, 75 சென்டிமீட்டர் வந்ததும், அதாவது விதைத்து இரண்டு மாதத்தில், நுனி கிள்ளச் சொல்வார்கள். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கம்பாக வானத்துக்குப் போகும். காய் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கும். காய்த்து முடிந்ததும் 90 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டால் மறுதாம்பு, அதாவது வெட்டிய அடியிலிருந்தே அடுத்த பயிர், கிளம்பும். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். பின்பாதியை விட்டுவிடலாம், முன்பாதி உண்மை.

ஆக வெட்டு இரண்டு வகை. ஒன்று, கிளையை நடுவில் வெட்டுவது. நுனி போகும், வெட்டுக்குக் கீழே இருக்கும் மொட்டுகள் கூட்டமாகக் கிளம்பும், செடி அடர்த்தியாகும். வேலிக்கும் மல்லிகைக்கும் இதுதான் வேண்டும். இன்னொன்று, கிளையை அது கிளம்பிய இடத்திலேயே முழுசாக எடுப்பது. அங்கே துளிர் அதிகம் வராது. உள்ளே வெளிச்சமும் காற்றும் போகும். மரத்துக்குப் பெரும்பாலும் வேண்டியது இது. “அடர்த்தியைக் குறைக்கணும்” என்று சொல்லிக்கொண்டு கிளைகளை நடுவில் வெட்டுபவர், அடுத்த வருஷம் இரண்டு மடங்கு அடர்த்தியைத்தான் பார்ப்பார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. உயரத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும் என்றால், நீண்ட கிளையை அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கிளை வரைக்கும் குறைக்கலாம். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படுகிற கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது புது நுனியாகப் பொறுப்பேற்று, கீழே இருப்பவற்றை அடக்கி வைக்கும். சுண்டுவிரல் குச்சி ஒன்றை விட்டுவிட்டுத் தொடைப் பருமன் கிளையை வெட்டினால் அந்தக் குச்சியால் ஒன்றும் ஆகாது.

எங்கே பூக்கிறது என்று பார்க்காமல் கத்தரியை எடுக்க வேண்டாம்

பழமரங்களில் இன்னொரு கேள்வி சேருகிறது. இது புதுத் தளிரில் பூக்கும் மரமா, முதிர்ந்த கிளையில் பூக்கும் மரமா?

கொய்யா புதுத் தளிரில் பூக்கும். வெட்டினால் தளிர், தளிரோடு மொட்டு. அதனால் கொய்யாவைக் கவாத்துச் செய்வதில் பயப்பட ஒன்றுமில்லை. கிளையை வளைத்துக் கட்டினாலே கணுவுக்குக் கணு தளிர் வரும். மா அப்படி இல்லை. மாவின் பூங்கொத்து பெரும்பாலும் கிளை நுனியில், அதுவும் சில மாதம் முதிர்ந்த நுனியில் வரும். அறுவடை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் வெட்டிவிட்டால், வரும் தளிர் முதிர்ந்து டிசம்பர், ஜனவரியில் பூக்க நேரம் கிடைக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கூடவே மாமரத்தையும் ஒழுங்குபடுத்தினால், அந்த வருஷத்துப் பூவைத்தான் குப்பையில் போடுகிறோம். எலுமிச்சைக்குக் கவாத்து என்பதே அதிகம் கிடையாது. அடியிலிருந்து செங்குத்தாகக் கொழுத்து வரும் நீர்ப்போத்துகளையும், ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே, வேரோடு இருக்கும் அடிச்செடியில் கிளம்புவதையும், காய்ந்ததையும் எடுத்தால் போதும்.

கம்பம் பள்ளத்தாக்கு இதில் தனிக்கதை. திராட்சை குளிர்நாட்டுக் கொடி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் எழும், வருஷத்துக்கு ஒரு அறுவடை. சுருளி ஆற்றுப் பக்கம் தூங்கவைக்கக் குளிர் எங்கே இருக்கிறது? அங்கே கவாத்துதான் குளிர்காலத்தின் வேலையைச் செய்கிறது. பன்னீர் திராட்சைக் கொடியை வெட்டி, இலையை உதிர்த்துவிட்டால், முதிர்ந்த கொடியில் விட்டுவைத்த மொட்டுகள் எழும்பி, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கைக்கு வரும். வெட்டும் நாளை ஒவ்வொரு தோட்டக்காரரும் சந்தையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அதனால்தான் ஒரு தோட்டத்தில் பூவும் பக்கத்துத் தோட்டத்தில் பழமுமாக வருஷம் முழுக்க அறுவடை நடக்கிறது. கவாத்துக் கத்தரியை நாட்காட்டியாகப் பயன்படுத்தும் வேறு பயிர் நம் ஊரில் இருப்பதாகத் தோன்றவில்லை. கொடிக்கு எத்தனை மொட்டு விடுவது என்பது கொடியின் பருமனைப் பொறுத்தது. மெலிந்த கொடியில் அதிகம் விட்டால் எல்லாம் தளிராகப் போய்விடும், குலை வராது.

தேயிலையிலிருந்து கற்றுக்கொள்ள இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. விட்டால் மரமாகிவிடும் செடி அது. கொழுந்து பறிக்கிற உயரத்தில் வைத்திருப்பதே கவாத்துதான். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் சில வருஷத்துக்கு ஒருமுறை இலையே இல்லாமல் வெட்டி இறக்குவார்கள். இலை இல்லாத செடி எதைத் தின்று மறுபடி துளிர்க்கும்? வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத்தான். அதனால் வெட்டுவதற்கு முன் வேரிலிருந்து சிறு துண்டு எடுத்து அயோடின் கரைசலில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. மாவுச்சத்து நிறைய இருந்தால் கருநீலமாகும். நிறம் ஏறாவிட்டால் வெட்டைத் தள்ளிப்போட வேண்டும், இல்லையென்றால் செடிக்கு இரண்டொரு கிளையை இலையோடு விட்டு வெட்ட வேண்டும். அப்படி விடும் கிளைகளை நுரையீரல் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லா மரத்துக்கும் பொருந்தும். இலை என்பது மரத்தின் வருமானம், வேரும் தண்டும் சேமிப்பு. ஒரே தடவையில் இலைப்பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே என்று மரப் பராமரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். வயதான மரம் என்றால் அதற்கும் குறைவாக. மொட்டையடித்த வேம்பு பரபரவென்று துளிர்ப்பதைப் பார்த்து மரம் தெம்பாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சேமிப்பைச் சுரண்டிச் செலவழிக்கும் அவசரம். அடுத்த வருஷமும் வெட்டினால், அதற்கடுத்த வருஷமும் வெட்டினால், வேர் மெலியும். வேர் மெலிந்த மரம்தான் காற்றில் சாயும்.

மரத்தின் காயம் ஆறுவதில்லை

நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் புதுத் தோலும் சதையும் வளர்ந்து பழுதை மாற்றிவிடும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. அழுகிய கட்டையை நீக்கி அதே இடத்தில் புதுக் கட்டையை வைக்க அதனால் முடியாது. பழுதான பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர மட்டும்தான் முடியும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. 1959இல் சேர்ந்தவர். அதுவரை அழுகலைப் பார்க்க மரத்தைக் குறுக்கே அறுத்துத்தான் பார்த்தார்கள். ஒரே ஆள் தூக்கும் விசை ரம்பம் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. ஷைகோ அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தார். காயம் பட்டபோது மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ, அழுகல் அந்த அளவோடு நின்றிருந்தது. பிறகு வளர்ந்த வளையங்களுக்குள் அது போகவில்லை. 1977இல் வந்த வனத்துறை வெளியீட்டில் இதை நான்கு சுவர்களாக விளக்கினார். காயத்துக்கு மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைக்கும் முதல் சுவர் இருப்பதிலேயே பலவீனம். அதனால்தான் அழுகல் தண்டுக்குள் மேலும் கீழுமாக நீண்டு ஓடுகிறது. உள்பக்கம் போவதைத் தடுப்பது இரண்டாவது, பக்கவாட்டில் பரவுவதைத் தடுப்பது மூன்றாவது. காயத்துக்குப் பிறகு வளரும் புதுக் கட்டைக்கும் பழையதற்கும் நடுவில் எழும் நான்காவது சுவர்தான் எல்லாவற்றிலும் உறுதி.

சுவர் ஒழுங்காக எழும்புவது எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. வீட்டுப் பக்கத்து வேம்பில் கைப் பருமனுள்ள கிளை ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளை தண்டோடு சேரும் கவட்டையில், மேல்பக்கம், பட்டை சுருங்கிக் கருத்த ஒரு வரப்பு தெரியும். கீழ்பக்கம் கிளையின் அடி லேசாகப் புடைத்திருக்கும். தடவிப் பார்த்தால் சட்டைக் காலர் மாதிரி ஒரு தடிப்பு விரலுக்குத் தட்டும். அந்தத் தடிப்பு கிளையைச் சேர்ந்ததில்லை, தண்டைச் சேர்ந்தது. அழுகலைத் தடுக்கும் அடைப்பு அதற்குள்தான் உருவாகிறது. வெட்டு வரப்புக்கு வெளியே தொடங்கித் தடிப்புக்கு வெளியே முடிய வேண்டும்.

தண்டோடு தண்டாக மழமழவென்று சீவிவிட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். பல காலம் உலகம் முழுக்க இதைத்தான் சரியான முறை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அப்படிச் சீவும்போது தடிப்பும் சேர்ந்து போகிறது. அடைக்க வேண்டிய சுவரையே இடித்துவிடுகிறோம். மாறாக, ஒரு சாண் குச்சியை நீட்டிக்கொண்டு விட்டால், அந்தக் குச்சி செத்து மக்கும். அது உதிரும் வரைக்கும் வெளிப்பட்டை மூட முடியாது. சுவரில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் அந்தக் கட்டை வழியாகத்தான் கறையானும் பூஞ்சாளமும் உள்ளே போகும். சரியாக வெட்டிய இடத்தில் ஓரிரு வருஷத்தில் சுற்றிலும் உருண்டையாக ஒரு வளையம் எழும்பி மூடத் தொடங்கும். வளையம் மேலும் கீழும் இல்லாமல் இரண்டு பக்கமும் மட்டும் எழும்பினால், தடிப்பை வெட்டிவிட்டார்கள் என்று பொருள். தெருவில் நடக்கும்போது பழைய வெட்டுகளைப் பாருங்கள், வெட்டியவரின் கை தெரியும்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே அதன் பாரம் தாங்காமல் முறிந்து, தண்டின் பட்டையை முழ நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். முதலில், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுக்க வேண்டும். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி, மேலிருந்து கீழே அறுத்தால் கிளை முறிந்து விழும். கிழிசல் வந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் பாரமில்லாத கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தடிப்புக்கு வெளியே நிதானமாக மூன்றாவது வெட்டு. அரிவாளால் இதைச் செய்ய முடியாது, ரம்பம் வேண்டும். கொத்திக் கொத்தி வெட்டிய முகத்தில் நார் நாராகக் கட்டை சிதைந்து கிடக்கும், தண்ணீர் தங்கும்.

மொட்டையடித்த மரத்தில் என்ன நடக்கிறது என்பது இப்போது புரியும். வெட்டு விழுந்த இடம் கிளைக்கு நடுவில். அங்கே வரப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. அழுகல் மேலிருந்து கீழே, பலவீனமான முதல் சுவர் இருக்கும் திசையிலேயே இறங்குகிறது. அதைச் சுற்றிக் கொத்தாக வரும் துளிர்கள், பிறவிக் கிளைகளைப் போலத் தண்டின் உள்ளிருந்து வந்தவை அல்ல. வெளி வளையத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பவை. சில வருஷத்தில் அவையும் கை கனம், கால் கனம் ஆகும். உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் கட்டையின் விளிம்பில், ஒட்டு வலுவில்லாத கனத்த கிளைகள். காற்றுக்குப் பயந்து வெட்டிய மரம், அடுத்த பெருங்காற்றில் கிளை முறிந்து வண்டி மேல் விழுவது இப்படித்தான். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டது, கால்வாய்க்காகவும் கேபிளுக்காகவும் வேரை அறுத்தது என்று பல காரணம் பேசப்பட்டது. எல்லாம் சரி. தாறுமாறாக வெட்டப்பட்ட கிளைகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வருஷா வருஷம் தழைக்காக வெட்டியும் கிளுவை வேலியும் கல்யாண முருங்கையும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். இருக்கின்றன. அவை போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டே வளர்கிற, எளிதில் துளிர்க்கிற வகைகள். இளம் வயதிலிருந்தே, கிளை விரல் பருமனாக இருக்கும்போதே, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டப்படுபவை. முப்பது வருஷம் தன்போக்கில் வளர்ந்த தூங்குமூஞ்சி மரத்தை ஒருநாள் திடீரென்று அப்படி வெட்டுவது வேறு சங்கதி.

சாணி, சாயம், போர்டோ

வெட்டிய இடத்தில் எதையாவது பூச வேண்டும் என்பது மனிதர்களுக்குப் பொதுவான ஆசை. 1791இல் இங்கிலாந்து அரச தோட்டங்களைக் கவனித்துவந்த வில்லியம் ஃபோர்சைத், மாட்டுச் சாணி, பழைய கட்டடத்துச் சுண்ணாம்பு, மரச்சாம்பல், மணல் கலந்த ஒரு பூச்சை வெளியிட்டார். இது பட்டுப்போன மரத்தையும் சரியாக்கும் என்றார். கப்பல் கட்ட ஓக் மரம் தேவைப்பட்ட காலம். நாடாளுமன்றமே அவருக்குப் பணம் கொடுத்தது. பூச்சால் அப்படியொன்றும் நடக்காது என்று அப்போதே சக தோட்டக்கலை அறிஞர்கள் சண்டைக்கு வந்தார்கள். நம் ஊரில் சாணியும் செம்மண்ணும் அப்பும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் ஃபோர்சைத்தின் செய்முறை ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

தார், பெயிண்ட் மாதிரியானவை அழுகலைத் தடுப்பதில்லை என்று ஷைகோவின் சோதனைகள் காட்டின. பூசியது வெடிக்கும், அடியில் ஈரம் தங்கும், பூஞ்சாளத்துக்கு நல்ல இடம் கிடைக்கும். சரியான இடத்தில் வெட்டினால் மரமே பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் மாதுளை, மா, எலுமிச்சைக்கு வேளாண் அதிகாரிகள் போர்டோ பசை தடவச் சொல்வது ஏன்? ஏனென்றால் அது மூடி அல்ல, மருந்து. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவை 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில் பிறந்தது. சாலையோரத் திராட்சையைத் திருடர்கள் பறிக்காமலிருக்க இதைத் தெளித்து வைத்திருந்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் என்ற இலைநோய் இல்லை என்பதைத் தாவரவியலாளர் மிலார்டே கவனித்தார். பசையாக வேண்டுமானால் மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். தனித்தனி பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பிசின் வடிதல், நுனிக்கருகல் இருக்கிற தோட்டத்தில், ஈரமான பருவத்தில், புது வெட்டுக்கு இதைப் பூசுவதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டு வாசல் புங்கனுக்கு எதுவும் பூச வேண்டாம். காய்ந்த நாளாகப் பார்த்து வெட்டினால் போதும். கத்தரி வெயில் காலத்தில் மட்டும் உள்கிளைகளைத் திடீரென்று வெயிலுக்குத் திறந்துவிடாதீர்கள், பட்டை வெந்து வெடிக்கும்.

இதுவரை சொன்ன எதுவும் தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. அவற்றுக்குத் தண்டைச் சுற்றிப் புது வளையம் வளர்வதில்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி, மரம் இருக்கும் வரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருத்து ஒன்றுதான், அது போனால் மரம் போச்சு. பச்சை மட்டையை வெட்டவே கூடாது என்பதுதான் நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் மட்டையை விட்டு வெட்டச் சொல்கிறார்கள். ஒட்ட வெட்டினால் அந்தப் பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடிவந்து முட்டை வைக்கும். புழு குடைந்து தண்டுக்குள் போய்விடும்.

வெட்டுவதற்கு நல்ல வயசு

பெரிய மரத்துக் கிளையை எப்படி வெட்டுவது என்று யோசிக்க வேண்டிய நிலைமையே, அதன் சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை என்பதால் வருவது. பென்சில் பருமனில் கத்தரியால் எடுத்திருக்க வேண்டியதைத்தான் இருபது வருஷம் கழித்து ஏணியும் கயிறும் வைத்து எடுக்கிறோம்.

கன்று நட்ட முதல் வருஷம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒடிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுத்தால் போதும். அதற்கு இலை வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில் பார்க்க வேண்டியது, ஒரே உயரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு போகும் இரட்டைத் தண்டு இருக்கிறதா என்பதை. குல்மோகரிலும் புங்கனிலும் இது அதிகம். இரண்டும் இறுக்கமாக, ஊசிமுனைக் கவட்டையாகச் சேர்ந்திருந்தால், வளர வளர நடுவில் பட்டை சிக்கிக்கொள்ளும். பட்டையும் பட்டையும் ஒட்டாது. வெளியே ஒன்றாகத் தெரியும், உள்ளே பிளவு. பெருங்காற்றில் மரம் இரண்டாகக் கிழிவது அங்கேதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் குறைத்துவிட வேண்டும். அகலமாகப் பிரியும் கவட்டையைப் பற்றிக் கவலையில்லை.

அடிக்கிளைகளை உடனே கழித்துவிட்டு உச்சியில் கொண்டை மட்டும் வைப்பதும் நம்மிடம் இருக்கிற ஒரு பழக்கம். ஆடு கடிக்குமே என்ற பயம் நியாயம்தான். ஆனால் அடிக்கிளைகள்தான் தண்டைப் பருக்க வைக்கின்றன. கழித்த கன்று ஒல்லியாக உயர்ந்து, குச்சி கட்டினால்தான் நிற்கும். கூண்டு போட்டுக் கிளையை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து எடுத்துவரலாம்.

கருவியில் பெரிய செலவு தேவையில்லை. விரல் பருமன் வரைக்கும் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றை ஒன்று உரசித் தாண்டும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு அலகு தட்டையான மேடையில் மோதும் வகை, பச்சைக் கிளையை நசுக்கும். அதற்கு மேல் பருமனுக்கு வளைந்த கவாத்து ரம்பம். நோய்பட்ட செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையை நீங்களோ கூலி ஆளோ தொட வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திவிட்டு அவர்கள் வெட்டட்டும். முருங்கையில் ஏறவே கூடாது. பார்க்கத் தாட்டியாக இருந்தாலும் மடக்கென்று ஒடியும்.

சரி, கூலி விஷயம். மரம் வெட்ட வருபவர்களில் பலரிடம் நாம் பேசுவது, “விறகை நீங்களே எடுத்துக்குங்க, கூலியைக் குறைச்சுக்குங்க” என்று. இலை தழைக்கும் சுள்ளிக்கும் விலை இல்லை. தொடைப் பருமன் கிளைக்குத்தான் விலை. அப்படிப் பேசிவிட்டு, மெல்லிய கிளைகளை மட்டும் எடுங்கள் என்றால் அவர் எப்படி எடுப்பார்? அவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை, ஒப்பந்தமே அப்படி. கூலியை முழுசாகப் பணமாகப் பேசிக்கொள்ளுங்கள். விறகு கிடைத்தால் அது தனி. வேலை தொடங்குமுன் கூடவே மரத்தைச் சுற்றி வந்து, எடுக்க வேண்டிய கிளைகளில் சாக்பீஸாலோ துணி கட்டியோ அடையாளம் வையுங்கள், தடிப்பு எங்கே முடிகிறது என்பதையும் கோடு போட்டுக் காட்டுங்கள். அரிவாளோடு மட்டும் வந்திருந்தால் உங்கள் ரம்பத்தைக் கொடுங்கள். உச்சியை எடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள், ஏனென்றால் அவரை இதற்கு முன் கூப்பிட்ட பத்து வீட்டிலும் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.